மஞ்சள் கை

லா சப்பல், பாரிஸ்
11.07.2017, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கரிகாலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தவுடன் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் சுகம். அஜந்தா அக்கா இன்னும் விமான நிலைய வேலைக்குத்தான் போகிறாள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். உன் சுகத்தையும் அவள் வழியாகத்தான் அறிகிறேன். உன்னோடு போனில் பேசிவிட்டு வந்து குசினியில் நின்று சத்தமாகச் சொல்வாள். நான் கேட்காத மாதிரிப் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்பேன். அது அவளுக்கும் தெரியும்.

நீயும் நானும் பேசி இந்த ஆடி அமாவாசையோடு நாலு வருடம். போன் எடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் அழுவோம், மற்றவர் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். தவரத்தினம் அண்ணையின் மருமகள் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறாள். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் இன்னும் அண்ணையின் சாறிக்கடையில்தான், பின்பக்கத்து மெசினில். கலியாணக் காலம் என்பதால் பிளவுஸ் குவிந்து கிடக்கிறது. எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும், எல்லாரும் போன முறையைவிட உடம்பு வைத்திருக்கிறார்கள், எல்லாரும் அளவு பழைய அளவுதான் என்று சாதிக்கிறார்கள். இரண்டாம் இலக்க மெற்றோ மேலே பாலத்தில் போகும்போது பக்கத்தில் இருக்கிற ஊசிப்பெட்டி கிலுகிலுக்கும். இப்போது கடை ஓய்ந்த நேரம். அண்ணை சாப்பிடப் போயிருக்கிறார்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒரு காற்றாலையைப் பற்றி. சிரிக்காதே. அக்கா உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். முழுவதையும் நான் சொன்னால்தான் சரி, ஏனென்றால் பிழை விட்டது நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜிஸ்லேன் என்று ஒரு பிரெஞ்சுப் பெண் கடைக்குள் வந்தார். என் வயது இருக்கும். முப்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், நடையே ஒரு ரயில் வருகிற மாதிரித்தான். சாறி வாங்க வரவில்லை. ஒரு தடித்த துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யாராவது தைப்பீர்களா என்று தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கூசேன்விலில் அக்கா வீட்டுக்கு வடக்கே, விமானங்கள் கூரையைத் தொடுகிற மாதிரிப் போகிற ஒரு சின்னக் கிராமத்தில், இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட காற்றாலை ஒன்று இருக்கிறது. கல்லால் கட்டிய வட்டக் கட்டடம், முன்னால் நாலு நீண்ட மரக் கைகள். அந்தக் காலத்தில் கோதுமை அரைத்தார்களாம். கூரை விழுந்து, கைகள் உடைந்து, புறா குடியிருந்த அந்த ஆலையை ஊர்க்காரர் எட்டுப் பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதில் தலைவர் ஜிஸ்லேன்.

ஆலையின் கை என்றால் சும்மா பலகை இல்லை. ஏணி மாதிரி ஒரு சட்டம், அதற்கு மேல் தோணிக்குப் பாய் விரிப்பது போலத் துணி விரிக்க வேண்டும். அப்போதுதான் காற்றுப் பிடிக்கும். அந்தப் பாய் நாலையும் தைக்கத்தான் ஆள் தேடினார்கள். அண்ணை என்னிடம் "தில்லை, உமக்கேலுமோ?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய் ஓம் என்று சொல்லிவிட்டது. வருடக்கணக்காக அடுத்தவர் தோளையும் இடுப்பையும் அளந்து அலுத்துப்போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

நாலு பாயையும் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், கயிறு மாட்டுகிற கண்கள் எல்லாம் பிழையான ஓரத்தில். ஆலை எந்தப் பக்கம் சுற்றும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. வலமாகத்தான் சுற்றும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கோயிலை வலமாகத்தானே சுற்றுகிறோம், கல்லில் மாவரைப்பதும் அப்படித்தானே. இது முன்னால் நின்று பார்த்தால் இடமாகச் சுற்றுகிற ஆலை. ஜிஸ்லேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே ஏணிப்படியில் ஏற்றி, தலைக்கு மேல் கிடக்கிற பெரிய அச்சைக் காட்டினார். ஆலைக்காரர் உள்ளேதான் நிற்பாராம், வெளியே பார்த்தபடி. அங்கே நின்று பார்த்தால் அது வலமாகத்தான் சுற்றுகிறது. அந்த ஒரு சமாதானத்தோடு நாலு பாயையும் பிரித்து மறுபடி தைத்தேன்.

புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் தொடாமல் கட்டலாமா? முதல் பாயின் மூலையில் மஞ்சள் தொட்டுக் கொடுத்தேன். என்ன கறை என்று கேட்டார்கள், அக்கா விளங்கப்படுத்தினாள். அவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. மழையில் போய்விடும் என்று ஜிஸ்லேன் அந்தக் கையின் நுனியில் மஞ்சள் பெயின்ற் வாங்கி ஒரு வளையம் அடித்துவிட்டார். அன்றிலிருந்து எல்லாரும் அதை மஞ்சள் கை என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் ஜூன் மாதம் ஆலையைத் திறந்தார்கள். ஆலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, அதை நீ அறிந்தால்தான் மீதி விளங்கும். ஆலையை நிறுத்தும்போது ஒரு கை உச்சிக்கு ஏறி வருகிற இடத்தில், உச்சிக்குச் சற்று முன்னால் நின்றால், அது நல்ல செய்தி. பிள்ளை பிறந்திருக்கிறது, கலியாணம், தூரத்தில் போனவர் வருகிறார். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய இடத்தில் நின்றால் அந்த வீட்டில் சாவு. போன் இல்லாத காலத்தில் வயலில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தே செய்தியை அறிந்துகொள்வார்களாம்.

திறப்பு நாள் இந்த நாட்டில் தந்தையர் தினமும்கூட. ஊர் முழுக்க வந்திருந்தது. நான் அந்தப் பச்சைக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன். பாய் விரித்து, சுற்றவிடாமல் பிடிக்கிற தடுப்புக் கட்டையை எடுத்ததும், கை நாலும் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கின. உண்மையைச் சொல்கிறேன், உங்கள் இரண்டு பேரையும் பெற்றபோதுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வரவில்லை. நான் தைத்தது காற்றைப் பிடிக்கிறது.

பிறகு ஜிஸ்லேன் ஆலையை நிறுத்தினார். மஞ்சள் கை உச்சியைத் தாண்டி நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். ஜிஸ்லேன் இறங்கி வந்து என் கையைப் பிடித்தபோதுதான் விளங்கியது, அது உன் அப்பாவுக்கு. 2009 இல் நடந்ததை அக்கா ஜிஸ்லேனுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாள். அக்கா சொன்னது காணாமல் போனது மட்டும்தான். ஏழு வருடம் என்றால் அவர்கள் கணக்கில் வேறு அர்த்தமில்லை.

நான் கையை உதறிவிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால், தமிழில், "ஆர் சொன்னது அவர் செத்திட்டாரெண்டு? நீங்கள் கண்டனீங்களோ?" என்று கத்தினேன். அக்கா "அம்மா, அவ நல்லதுக்குத்தான் செய்தவ" என்று என் தோளைப் பிடித்தாள். அவளையும் தள்ளிவிட்டேன். ஜிஸ்லேனுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போய், ஆலையை இன்னொரு சுற்று விட்டு, மஞ்சள் கை உச்சிக்கு முன்னால் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு வந்தார். வருகிறவருக்கான இடம். நான் சொல்லும்வரைக்கும் அங்கேயே நிற்கும் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார்.

தம்பி, நீ 2013 ஆடி அமாவாசைக்கு முதல் நாள் போன் எடுத்தது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, காத்தோட்டிக்காய் எப்பிடிச் சமைக்கிறது?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். தகப்பன் இல்லாதவன் ஆடி அமாவாசை விரதத்துக்குச் சமைக்கிற காய் அது. தகப்பன் இருக்கிறவனுக்கு அதைச் சமைக்கத் தெரிய வேண்டியதில்லை. நீ என்னிடம் கேட்காமலே முடிவெடுத்துவிட்டு, சமையல் மட்டும் என்னிடம் கேட்கிறாய் என்று எனக்குப் பட்டது. போனை வைத்தேன். வைத்த போன்தான்.

உன் அப்பா கிளிநொச்சித் தபால் கந்தோருக்கு மாற்றலாகிப் போனவர். சண்டை தொடங்கிப் பாதை பூட்டினார்கள், அங்கேயே அகப்பட்டார். 2009 தை மாதம் கடைசியாகப் பேசியபோது, பாதை திறந்தவுடன் வருகிறேன், வாசல் பூட்டுக்கு எண்ணெய் விட்டு வை என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பாதை திறந்தது. எத்தனை கந்தோர், எத்தனை படிவம், எத்தனை முகாம் வாசல் என்று உனக்குத் தெரியும், அரைவாசிக்கு நீயும் கனடாவிலிருந்து எழுதினாய். ஒருவரும் அவரைக் கண்டதாகவும் சொல்லவில்லை, காணவில்லை என்றும் எழுதித் தரவில்லை. இப்படி இருக்க, நான் எந்தக் கையால் எள்ளுத்தண்ணீர் விடச் சொல்வேன்?

அதனால் எனக்கு அந்த மஞ்சள் கை பெரிய ஆறுதலாக இருந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் போவேன். வளைவு திரும்பினதும் வயலுக்கு மேலே தெரியும். பாதி வழி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அரைக்கிற நாளில் ஆலை சுற்றும், முடிந்ததும் கை பழைய இடத்துக்கு வந்துவிடும். நானே பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டுவேன். ஒருமுறை சங்கத்து ஆட்களில் ஒருவர் இறங்கி வந்து ஏதோ சொல்லத் தொடங்கினார், ஜிஸ்லேன் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் என்னவென்று கேட்கவில்லை.

குளிர்காலத்தில் ஐந்து மாதம் ஆலை வேலை செய்யாது. ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது போய்க் கைகளைச் சற்றுத் திருப்பிவிட வேண்டுமாம். எது மேலே நிற்கிறதோ அதன் வழியாகத்தான் மழைத்தண்ணீர் வழிந்து, நடு அச்சில் கை பொருந்துகிற பொந்துக்குள் இறங்கும். திருப்பிவிட்டால் அது காயும், அடுத்தது நனையும். ஒன்றே மேலே நின்றால் அது காயவே காயாது. இது அந்தச் சங்கத்தில் எட்டுப் பேருக்கும் தெரியும். எனக்காக ஒருவரும் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆலையைத் தொடவில்லை.

சித்திரை மாதம் ஜிஸ்லேன் ஏறிப் பார்த்திருக்கிறார். மஞ்சள் கையின் அடியில் குத்திப் பார்த்த திருப்புளி, அவித்த மரவள்ளிக்கிழங்குக்குள் போவது மாதிரி இறங்கியிருக்கிறது. ஆறு வருடம் எட்டுப் பேர் பாடுபட்டு ஏற்றிய மரம். இந்த வருடம் ஜூன் மாதத் திருவிழாவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை. பாயைக் கழற்றிவிட்டோம், நீங்கள் கொஞ்சநாள் வர வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று செய்தி அனுப்பினார்கள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த பிறகு சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று ஜிஸ்லேன் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

எனக்கு வந்த வெட்கத்தை எப்படி எழுதுவேன். அடுத்த ஞாயிறு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். கையைக் கழற்றிப் புல்லில் கிடத்தியிருந்தார்கள். உளுத்த பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, புது மரம் பொருத்த அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஜிஸ்லேனைக் கேட்டேன். புறப்படுவதற்குச் சமிக்ஞை கிடைக்காமல் முப்பது வருடத்தில் ஒருநாளும் ரயிலை எடுத்ததில்லை என்றார். நீங்கள் சொல்லும்வரைக்கும் என்று வாக்குக் கொடுத்தேன், நீங்கள் சொல்லவில்லையே என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கையில் இருந்த அளவுகோலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நான் அந்த மரத்துக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தேன். அறுத்து எறிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். வெளியில் ஒன்றும் தெரியாது, நல்ல மரம். உள்ளே விரல் போகிறது. அப்போது உன் அப்பாவை நினைக்கவில்லை. உன்னைத்தான் நினைத்தேன். நாலு வருடம் நீ அக்காவிடம் மட்டும் பேசிவிட்டு வைக்கிறாய். உனக்கும் அவர் அப்பா. நீ அவரைக் கைவிட்டுவிட்டாய் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு ஒரு நாள், ஒரு சாப்பாடு, ஒரு கை தண்ணீர் வேண்டியிருந்தது. அது இல்லாமல் உன்னால் இருக்க முடியவில்லை. அது கைவிட்டது இல்லை என்று எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது. என்னை மன்னித்துக்கொள் அப்பு.

போன ஞாயிறு கையை மறுபடி ஏற்றினார்கள். பழைய மரமும் புது மரமும் இரண்டு நிறமாகத் தெரிகிறது, வெயிலில் ஒன்றாகிவிடும் என்கிறார்கள். மஞ்சள் கையை எங்கே நிறுத்த என்று அக்கா மூலம் கேட்டார் ஜிஸ்லேன். எங்கேயும் நிறுத்துங்கள், ஒவ்வொரு கிழமையும் திருப்புங்கள், எனக்காக ஒன்றும் பார்க்க வேண்டாம் என்றேன். ஒரு நாள் மட்டும் கேட்டேன். இருபத்துமூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அரைத்து முடித்த பிறகு, முதல் தரம் அவர்கள் நிறுத்தினார்களே, அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நான் விளங்கித்தான் சொல்கிறேனா என்று அக்காவிடம் இரண்டு தரம் கேட்டார். அக்கா அழுதுகொண்டு தலையாட்டினாள். இந்த முறை ஜிஸ்லேன் என் கையைப் பிடிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்துத் திகதியை எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் தானே வந்து திருப்பிவிடுவதாகவும் சொன்னார்.

இருபத்துமூன்றாம் திகதி என்ன நாள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பொட்டு வைத்துக்கொண்டுதான் இருப்பேன். அதைப் பற்றி நீயோ அக்காவோ ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. சித்திரைப் பறுவ விரதத்துக்கு மட்டும் இப்போதே ஆயத்தம் செய்யாதே, செத்த தாய்க்குப் பிடிக்கிற அந்த விரதத்துக்கு எனக்கு அவசரமில்லை.

இந்தக் கிழமை லா சப்பலில் காத்தோட்டிக்காய் வந்துவிட்டது. நாலு வருடம் அந்தக் கூடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன். நேற்று நின்று, பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். ரொறன்ரோவிலும் கிடைக்கும். பழுக்காத காயாக எடு. இரண்டாகப் பிளந்து விதையை முழுவதும் வழித்து எடு, கசப்பு அதில்தான் கூட. மெல்லிசாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பிழிந்து ஊற்று. நல்லெண்ணெயில் மெல்லிய நெருப்பில் பொரி, அவசரப்பட்டால் கருகும். வெங்காயமும் பச்சைமிளகாயும் கடைசியில் போடு. இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் கசக்கும். உன் அப்பா அவருடைய அப்பாவுக்கு விரதம் பிடிக்கிற நாளில் முதலில் அதைத்தான் எடுத்துச் சாப்பிடுவார்.

காகத்துக்கு வைத்து, நீ சாப்பிட்டு முடிந்த பிறகு எனக்கு ஒரு போன் எடு. அழமாட்டேன் என்று வாக்குத் தரமாட்டேன். ஆனால் நீ வைக்கும்வரைக்கும் நான் வைக்கமாட்டேன்.

கடவுள் துணையாக நீ நூறு வருடம் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
திருமதி ஞானசுந்தரம் தில்லைநாயகி